அரைப்பேர்

ஹட்டனில் மூன்றாவது நாளாக மழை.
பேக்கரிக்கு மேல் மாடியில் என் கடை.
கீழே பாண் வேகும் சூட்டில்
மேலே உலர்கின்றன
ஓடையில் விழுந்த போன்கள்.

சிவபாக்கியம் இரண்டு அட்டைகளோடு வந்தாள்.
கணுக்காலில் இருந்ததைச்
சுண்ணாம்பு தொட்டு உதிர்த்தாள்.
மற்றதை மேசையில் வைத்தாள்.

"தராசு இத எடுக்குதில்ல தங்கச்சி.
மூணு நாளா ஐயா கொப்பியில எழுதுறாரு.
கொப்பியில ஏறுனா
பதினெட்டு கிலோ பதினாறாயிடுது."

எட்டுக் கட்டப் பொன்முலாம்,
அதன்மேல் தேயிலைக் கறை.
பள்ளிக்கூட அழிப்பானால் தேய்த்து
ரீடரில் செருகினேன்.

முதலில் மின்சாரம். பிறகு கடிகாரத் துடிப்பு.
ரீசெட் கம்பியைத் தாழ்த்தி உயர்த்தினால்
உயிருள்ள எந்த அட்டையும் வாய் திறக்கும்.
ஒன்றும் கேட்கவேண்டியதில்லை,
தன்னை எப்படி வாசிப்பதென்று
தானே சொல்லும்,
விடியுமுன் பெரட்டுக்களத்தில்
இருமலோடு கேட்கும் 'இருக்கேங்க' போல.

திரையில் பதினோரு ஜோடி.

3B.
நேராகப் பேசுவேன் என்கிறது.
3F என்று தொடங்குகிறவையும் உண்டு,
அவற்றில் ஒன்றைப் பூஜ்யமாகவும்
கடைசியை முதலாகவும் வாசிக்கவேண்டும்.
அம்மாவின் சம்பளத் துண்டு அந்த ஜாதி.

96.
ஒன்பது: இன்னும் இரண்டு விவரம் பின்னால் வருகிறது.
ஆறு: முடிவில் ஆறெழுத்து வரலாறு.
வரலாற்று எழுத்துகள் என்றேதான்
தரநூலில் அதற்குப் பெயர்.
பதினைந்துக்கு மேல் யாருக்கும் இடமில்லை.
முதல்முறை படித்தபோது சிரித்தேன்.
கடல், மன்னார்க் காடு,
வழியில் புதைத்தவர்கள், இருநூறு வருஷம்,
பதினைந்தெழுத்து.

11.
பிட் ஒன்றுக்கு
முந்நூற்று எழுபத்திரண்டு துடிப்பு.
அறிமுகமில்லாதவர்கள் பேசும் வேகம்.

01.
கட்டுக் கட்டாகப் பேசு என்னோடு.
சரிதான்,
கொழுந்தை யார் இலை இலையாக நிறுப்பார்கள்?

"என்ன சொல்லுது?"
"இப்பத்தான் ஆரம்பிக்குது, இருங்கக்கா."

பிறகு அந்த ஆறு.
53 41 4D 50 4C 45.
எனக்கு அட்டவணை தேவையில்லை.
வாய்க்குள் எழுத்தாக்கினேன்.
இன்னொரு தடவையும்.
ஆங்கிலத்தில் ஒரே சொல்:
மாதிரி.

கம்பெனிக்காரன் துரைக்குக் காட்டக்
கொண்டுவந்ததாய் இருக்கலாம்.
அட்டை பற்றாத நாளில் யாரோ
மேசையிலிருந்ததை எடுத்து
இவள் படத்தை ஒட்டியிருக்கலாம்.
எனக்கு எப்படித் தெரியும்?
நாலு வருஷம் தராசும் கேட்கவில்லை.
போன வாரம் அதற்குப் புது மென்பொருள்.

80.
இது சரிபார்க்க.
இரண்டாவதிலிருந்து இதுவரை
ஒத்த பிட்டை அழித்து, ஒவ்வாததை வைத்து
ஒன்றோடொன்று மோதவிட்டால்
பூஜ்யம் வரவேண்டும்.
பாண் சுற்றிய தாளில் போட்டுப் பார்த்தேன்.
வந்தது.
எந்த எழுத்தும் வழியில் கெடவில்லை.
அட்டை சொல்வது சத்தியம்.

"ஏன் பேச மாட்டேங்குற? பழுதா?"
"பழுதில்லக்கா. நல்ல அட்டை."
"அப்புறம்?"
சொன்னேன்.

மழையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"அப்ப நாலு வருஷமா கொழுந்து பறிச்சது யாரு?"

மறுபடி எழுப்பினேன். அதே பதினொன்று.
ஆத்திரத்தில் இன்னொரு தடவை. அதே.

அச்சடித்தேன்.
ஒவ்வொரு ஜோடிக்கும் கீழே
தமிழில் அர்த்தம் எழுதினேன்,
ஆபீஸில் காட்ட.
தாளின் அடியில் அவள் பெயரை எழுதும்போது
கை தானாக எண்ணியது.
ஏழெழுத்து.
ஆறில் அடங்காது.
பதினைந்தில் தாராளமாய் அடங்கும்.

"எவ்வளவு?"
"ஒண்ணும் வேணாங்கா, நான் எதையும் திருத்தலியே."

படங்கை உதறி இடுப்பில் கட்டினாள்.
தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள்,
அட்டையை மேசையிலேயே மறந்து
பாதிப் படியில் ஞாபகம் வந்து திரும்பினாள்.
எடுத்த இடத்தில் வைத்தாள்
ஈர நூறு ரூபாய்.

"மழையில ஒக்காந்து பாத்திருக்க.
அரைப்பேராச்சும் போடணும்ல."